பேரும் வேடமும்

மாசி அமாவாசை கழிந்து பிறை கண்ணில் பட்டதும், இலங்கை மலையகத்தில் ஹட்டனைச் சுற்றியுள்ள டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களில் காமன் ஊன்றுவார்கள். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களுக்கு அருகிலோ கோயிலடியிலோ ஒரு வெளி இருக்கும். அதுதான் காமன் பொட்டல். அங்கே கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால், பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரியும்வரை இரவுகள் கூத்துக்கு உரியவை. மன்மதன், ரதி, ஈசன், இந்திரன், தக்கன், வீரபத்திரன், எமன், தூதன், கோமாளி என்று நீளும் வேடங்களைக் கட்டுபவர்கள் வெளியூர்க் கலைஞர்கள் அல்லர். பகலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியும் வடிகாலான கான் வெட்டியும் வந்த தோட்டத்து ஆட்கள். மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதியவர்கள், மாத்தளை வடிவேலன் முதலாக, இக்கூத்தை ஒரு சமூகத்தின் அடையாளமாகவே பெரும்பாலும் பார்த்திருக்கிறார்கள். அது சரியான பார்வைதான். ஆனால் அதைவிடச் சிறிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது: வேடம் கட்டிய அந்தத் தனிமனிதனுக்கு இக்கூத்து என்ன செய்தது? மனிதர்களை வகைவகையாகப் பிரித்து ஆண்ட ஒரு தொழில்முறைக்குள், தன்னைத் தானே எடைபோட்டுக்கொள்ள வேறு வகைமாதிரிகளை அது கொடுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வகைமாதிரியை வைத்துத் தன்னை அறியும் வழக்கம் இன்று புதுச் சரக்குபோல விற்பனையாகிறது. கைபேசியில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ‘நீங்கள் வீரர்’, ‘நீங்கள் ஞானி’, ‘நீங்கள் பராமரிப்பவர்’ என்று ஒரு சீட்டு வந்துவிடும். இதன் வேர் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங்கிடம் இருக்கிறது. எல்லாச் சமூகங்களின் கதைகளிலும் கனவுகளிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் தொல்படிவங்கள் உண்டு என்றார் அவர். ஆளுமை வகைகள் பற்றிய அவரது நூல் 1921இல் வெளிவந்தது. அதை அடிப்படையாகக் கொண்டுதான் அமெரிக்காவில் காத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் தங்கள் ஆளுமைத் தேர்வை அமைத்தார்கள். யுங் 1938இல் இலங்கைக்கும் வந்தார். கண்டித் தலதா மாளிகையில் கேட்ட மேள முழக்கத்தைத் தம் நினைவுநூலில் பதிவுசெய்திருக்கிறார். அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருந்த தோட்டங்களில், அவருடைய கோட்பாட்டுக்கு நல்ல சான்றும் நல்ல மறுப்பும் ஆகக்கூடிய ஒரு வழக்கம் ஆண்டுதோறும் நடந்துவந்தது. தமிழுக்கும் இந்த எண்ணம் புதிதன்று. அகத்திணைப் பாடலில் எவரையும் பெயர் சுட்டிப் பாடக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று பெயரில்லாமல் நின்றதனால்தான் யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க முடிந்தது.

மலைநாட்டில் மனிதர்களை வகைப்படுத்தும் வேலையை முதலில் செய்தது தோட்டக் கணக்குதான். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தொடங்கிய ஆள்கட்டு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் வட்டாரங்களிலிருந்து மக்களைக் கங்காணிகளின் கீழ்க் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவந்தது. வந்தவர் யாருக்கும் தனி ஆளாகத் தோட்டத்தில் இடமில்லை. பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணி, அவருடைய கூட்டத்தில் ஓர் ஆள் என்ற வரிசையில்தான் ஒருவர் அறியப்பட்டார். துண்டு முறை இதை இன்னும் இறுக்கியது. ஓர் ஆள் பட்டிருக்கும் கடன் தொகை துண்டில் எழுதப்பட்டிருக்கும். அதைக் கட்டும் தோட்டம் அவரை எடுத்துக்கொள்ளலாம். 1921இல் அம்முறை சட்டப்படி ஒழிக்கப்படும்வரை, கடனே ஆளுக்கு அறிமுகச் சீட்டாக இருந்தது. புதிதாக வரும் சின்னத்துரைகளுக்கு, அதாவது உதவித் தோட்ட அதிகாரிகளுக்கு, தமிழ் சொல்லிக்கொடுக்க அச்சான கையேடு ஒன்றின் பெயரே ‘இங்கே வா’. இன்னொன்றின் பெயர் ‘கூலித் தமிழ்’. அதிகாரம் தன் எதிரே நிற்பவரிடம் எந்த உறவில் பேச நினைத்தது என்பதை அட்டையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அன்றாட வழக்கம் இதைவிட நுணுக்கமாக இருந்தது. விடியுமுன், ஆட்களைக் கூட்டும் பிரட்டுத் தப்பு என்ற பறை ஒலிக்கும். ஆட்கள் பிரட்டுக்களத்தில் கூடுவார்கள். யார் கொழுந்துக்கு, யார் கவ்வாத்துக்கு, யார் புல்லுவெட்டுக்கு என்று பிரித்துவிடுவார்கள். வேலைக்குப் போனவருக்குச் செக்ரோல் என்ற வேலைக்கணக்கு ஏட்டில் பேர் விழும். ஒரு நாள் சம்பளத்துக்குத் தோட்டத்தில் பேர் என்றே பெயர். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை கேட்ட இறாத்தல் வரவில்லையென்றால் அரைப் பேர்தான். கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி, இடுப்பில் படங்கு சுற்றி, மழையில் நாள் முழுக்க மலையேறி இறங்கிய பெண்ணுக்கு அன்று பாதிப் பேர்தான் இருந்தது என்று செக்ரோல் சொல்லும். இந்தக் கணக்கில் ஒருவரைப் பற்றி எழுதப்படும் எதுவும் பொய் அல்ல. நிறுத்த எடை உண்மை, வந்த நாட்கள் உண்மை. அவற்றுக்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று அது பாவித்ததுதான் கொடுமை. மேலிருந்து வரும் வகைப்படுத்தல் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு: அளக்க முடிந்ததை மட்டும் அளந்து, அளந்ததையே ஆள் என்று எழுதிவைத்துவிடும்.

காமன் கூத்து தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆட்களோடு வந்தது. எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் முதல் கம்பம் நட்டார்கள் என்பதற்குத் துரைமாரின் ஏடுகளில் இடமிருக்க நியாயமில்லை. ஆனால் அது ஏன் இங்கே வேர்பிடித்தது என்பதைப் பயிர் மாற்றத்தை வைத்து ஊகிக்கலாம். கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். திருவிழாவுக்கு ஊர் இருந்தது. 1869இல் கோப்பிச் செடியில் கண்ட இலைநோய் அந்தப் பயிரையே அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் என்ற ஓய்வு கிடையாது. எல்லா மலைகளையும் ஒரு சுற்று முடிப்பதற்குள் முதல் மலையில் கொழுந்து மறுபடி நிற்கும். 1884இல் ரயில் பாதை ஹட்டனை எட்டியபின் தேயிலைப் பெட்டிகள் இறங்குவது எளிதானது. ஆட்கள் இறங்கிப் போவது குறைந்தது. லயமே வீடாயிற்று. தமிழ்நாட்டுக் கிராமத்தில் காமன் பண்டிகை அறுவடை ஓய்ந்த காலத்தில் வருவது. தோட்டத்தில் ஓயும் அறுவடை என்று ஒன்று இல்லாதபோதும் அதே பிறைக்கு அதே கம்பத்தை நட்டார்கள். செக்ரோலின் நாட்காட்டிக்குள் அடங்காத ஒரு நாட்காட்டியைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதே, அவர்களுக்கு இக்கூத்து பொழுதுபோக்குக்கும் மேலான ஒன்று என்பதற்கு முதல் சான்று.

இரண்டாவது சான்று கதையில் இருக்கிறது. தவத்தில் ஆழ்ந்துவிட்ட ஈசனை எழுப்ப வேண்டும். தேவர்களுக்குக் காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதைத் தாங்களே செய்யத் துணியாமல் மன்மதனுக்குத் தூதனுப்புகிறார்கள். ரதி தடுக்கிறாள், கண்ட கெட்ட கனவைச் சொல்கிறாள், ஈசனின் நெருப்புக்கு முன் பூங்கணை எம்மாத்திரம் என்று வாதாடுகிறாள். மன்மதன் ஒப்புக்கொண்ட காரியத்துக்குப் போகிறான், எரிகிறான். ஏவியவர்கள் எரியவில்லை. ரதியின் புலம்பலுக்குப் பின் அவளுடைய கண்ணுக்கு மட்டும் தெரிபவனாக உயிர் பெறுகிறான். இதைப் புராணமாகக் கேட்பது ஒன்று. மேலே உள்ளவர் ஏவியதற்காக வீட்டில் உள்ளவர் சொல்லைத் தட்டிவிட்டு நாள்தோறும் மலையேறும் ஆட்கள் நடித்துப் பார்ப்பது வேறு. மன்மதன் வேடம் கட்டியவன் கேட்டுக்கொள்ளும் கேள்வி எளிதானதல்ல. கட்டளைக்குப் பணிந்து போனது கடமையா, அடிமைத்தனமா, வீறாப்பா? ரதி வேடம் கட்டியவனுக்கு வேறு கேள்வி: விளைவு தெரிந்த பின்னும் தடுக்க முடியாமல் போனவர் யாரைக் குற்றம் சொல்வது? இரண்டு பேரும் தர்க்கம் செய்யும் இடம் கூத்தின் உயிர்நாடியான பகுதி. தஞ்சை, மதுரைப் பக்கங்களில் இதே கதை லாவணியாக வளர்ந்து, காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் விடிய விடிய வாதாடின. முடிவான விடை இல்லாத கேள்வியைக் கையில் கொடுப்பதுதான் நல்ல வகைமாதிரியின் இலக்கணம். கைபேசிச் சீட்டோ விடையைக் கொடுத்துவிட்டுக் கேள்வியைப் பறித்துக்கொள்கிறது.

மூன்றாவது சான்று வேடம் கட்டும் முறையில் இருக்கிறது. பலர் நேர்த்திக்கடனாகவே வேடம் கட்டுகிறார்கள். பிள்ளை பிறந்ததற்கும் நோய் தீர்ந்ததற்கும் கடன் தீர்க்க வேடம். காப்புக் கட்டியபின் விரதம். கவிச்சி இல்லை, குடி இல்லை. தன் இயல்பான நடத்தையை நிறுத்திவைத்துவிட்டுத்தான் ஒருவன் மன்மதனாகிறான். கூத்து வாத்தியாரிடம் பாட்டும் அடவும் கேட்டுப் பழகி, லயம் லயமாக ஆடிப்போய், கடைசியில் எரிப்பும் எழுப்பலும் முடிந்ததும் வேடம் கலைத்துவிடுகிறான். பார்ப்பவர்கள் யார் என்பதும் முக்கியம். அவனுடைய கடனும் கோபமும் குடும்பச் சண்டையும் தெரிந்த அதே லயத்து ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் வீரனாகவோ கணவனாகவோ நிற்பவனுக்குத் தன்னைப் பற்றிப் பொய் சொல்ல அதிக இடமில்லை. பொய் கூடினால் கோமாளியே கிண்டல் பண்ணிவிடுவான். தோட்டங்களில் ஆடப்படும் மற்ற கூத்துகளும் இப்படித்தான் குணங்களை எதிரெதிரே நிறுத்துகின்றன. பொன்னர் சங்கரில் அண்ணன் பொறுமைக்காரன், தம்பி கோபக்காரன். யார் சரி என்று கதை எளிதில் தீர்ப்புச் சொல்வதில்லை. அருச்சுனன் தபசில் உயர்ந்த மரத்தில் ஏறுபவன் வில்லாளியாக அல்ல, வேண்டி நிற்பவனாக ஏறுகிறான். ஒரே ஆள் ஓர் ஆண்டு வீரபத்திரனாகவும் இன்னோர் ஆண்டு தூதனாகவும் வரலாம். வகை நிலையானது, அதற்குள் வந்துபோகும் ஆள் நிலையானவன் அல்லன். யுங்கின் கோட்பாட்டுக்கு இது சான்று. வகையை ஆளோடு ஒட்டிவைத்துவிட்ட பின்னாளைய தேர்வுகளுக்கு இதுவே மறுப்பு.

இங்கே ஒரு மறுப்பு எழும். தன்னறிவு, சுயபரிசோதனை என்பவை படித்தவர்களின் சொற்கள். தெய்வத்துக்குச் செலுத்தும் கடனில் அவற்றைத் தேடுவது இல்லாததை ஏற்றிச் சொல்வதாகாதா? கூத்தாடுபவரைக் கேட்டால் சாமிக்குச் செய்கிறேன் என்றுதான் சொல்வார். அந்தப் பதிலை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் நேர்த்திக்கடனுக்கு எத்தனையோ வழிகள் உண்டு. காவடி எடுக்கலாம், தீ மிதிக்கலாம், பொங்கல் வைக்கலாம். இன்னொருவராக மாறி, அவருடைய வாயால் பேசி, அவருடைய தவறுக்கு அழுவதை ஒருவர் தேர்ந்தெடுக்கிறார் என்றால், அந்தச் செயலுக்குள்ளேயே தன்னை விலகி நின்று பார்க்கும் வேலை இருக்கிறது. அதற்குப் பெயர் வைக்காததனால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. கடிவாளம் இல்லாமல் அழ அனுமதி உள்ள இடம் ஆணுக்குத் தோட்டத்தில் எத்தனை இருந்தன என்று எண்ணிப் பார்த்தாலே, ரதி வேடம் கட்டிய ஆணின் புலம்பல் வெறும் பாடம் ஒப்பித்தல் இல்லை என்பது புரியும்.

இதைவிடக் கனமான மறுப்பு அந்த ரதியிடமிருந்தே கிளம்புகிறது. நெடுங்காலம் ரதியை ஆண்கள்தான் கட்டினார்கள். கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தோட்டத்தின் வருமானம் அவர்கள் விரல் நுனியில் நின்றது. பொட்டலில் அவர்களுக்குக் கிடைத்தது பார்வையாளர் இடம். தப்பு அடிப்பது யார், எந்த வேடம் எந்தக் குடும்பத்துக்கு என்பவற்றிலும் சாதி கைவைத்தது. கங்காணி முறையே சாதிக் கூட்டங்களைச் சார்ந்து எழுந்தது. பிரட்டுக்கு எழுப்பிய தப்பும் சாவுக்கு ஒலித்த தப்பும் கூத்துக்கு ஒலித்த தப்பும் ஒரே சமூகத்தார் தோளிலேயே ஏற்றப்பட்டிருந்தன. ஆக, கூத்து தந்த வகைமாதிரிகள் எல்லாருக்கும் சமமாகத் திறந்திருக்கவில்லை. இதை மறைத்துவிட்டுக் காமன் கூத்தைக் கொண்டாடுவது நேர்மையாகாது. ஆனால் இக்குறை என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. வேடம் எங்கெல்லாம் பிறப்பால் ஒதுக்கப்பட்டதோ அங்கெல்லாம் அது கண்ணாடியாக இருப்பதை விட்டு இன்னொரு செக்ரோல் ஆகிவிட்டது. ஆளைத் தேடி வேடம் வந்து ஒட்டிக்கொள்கிறதா, ஆள் வேடத்தைத் தேடிப் போகிறாரா என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு.

இன்னொரு மறுப்பு தொழிற்சங்கத் தரப்பிலிருந்து வரக்கூடியது. இரவெல்லாம் மன்மதனுக்காக அழுதவர்கள் காலையில் அதே துரைக்குக் கொழுந்து பறித்தார்கள். கூத்து மனப்பாரத்தை இறக்கிவைத்து, போராட்டத்தைத் தள்ளிப்போட்டது என்பார்கள். ஹட்டனின் வரலாறே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர் ஹட்டனையே அதன் தலைமையிடமாகக் கொண்டார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவர் துண்டுப் பிரசுரத்தோடு நின்றுவிடவில்லை. தொழிலாளரின் பிழைப்பையே நாடகமாக்கி எழுதினார். அவர் மனைவி மீனாட்சி அம்மை, மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளில் தொழிலாளர் பாட்டுகளைக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். பாட்டாலும் வேடத்தாலும் தங்களைப் பார்த்துப் பழகிய மக்களிடம்தான் இந்த முறை எடுபடும். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தபோது, ஒரு தொழிலாளியின் பெயர் செக்ரோலுக்கு வெளியே மலைநாடெங்கும் பேசப்பட்டது. பின்னாளில் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டி நூலாக்கியதும், தானே தொழிற்சங்கவாதியாக நின்றதும் தற்செயல் பொருத்தமல்ல. அழத் தெரிந்தவர்களுக்குத்தான் எதற்கு அழுகிறோம் என்று கேட்கவும் தெரிந்திருந்தது. கூத்து போராட்டத்தை உண்டாக்கியது என்று சொல்ல மாட்டேன். போராடுவதற்கு வேண்டிய ‘நான்’ ஒன்றை உயிரோடு வைத்திருந்தது என்று சொல்லலாம்.

அந்த ‘நான்’ எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புக்கு ஆதாரம் கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயங்களில் அதை யாரால் காட்ட முடியும்? பெரும்பாலானோர் நாடற்றவர் என்ற வகைக்குள் தள்ளப்பட்டார்கள். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்குப் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தது. அந்தக் கணக்கில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் விழுந்தார்கள். ஊர்விட்டுப் போனவர்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ரதியின் புலம்பலைத் தலைமுறைகளாகக் கேட்டுவந்த மக்கள் அந்த ரயில் மேடையில் எப்படி அழுதிருப்பார்கள் என்று ஆராய வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது பெயரிடும் உரிமையைத்தான். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலிருந்து ‘இந்தியத் தமிழர்’ என்று அரசு எழுதிவந்தது. மக்களோ தங்களை ‘மலையகத் தமிழர்’ என்று எழுதிக்கொண்டார்கள். 2023இல் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களும் இந்தப் பெயரைத்தான் சுமந்து நடந்தார்கள். பிறர் எழுதிய வகையை மறுத்துத் தாமே ஒரு வகையைத் தேர்ந்த செயல் இது. பொட்டலில் தனியாளாகச் செய்து பழகியதை ஒரு சமூகம் அரசியலில் செய்தது என்று இதை வாசிக்கலாம்.

இந்த வரலாற்றிலிருந்து, வகைமாதிரிகளால் தன்னை அறிய விரும்பும் எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய அளவுகோல்கள் மூன்று கிடைக்கின்றன. வகையை யார் கொடுத்தார் என்பது முதலாவது. கொடுத்தவருக்கு அதனால் ஆதாயம் உண்டென்றால், அது கங்காணியின் துண்டாக இருந்தாலும் நிறுவனம் ஒன்றின் ஆளெடுப்புத் தேர்வாக இருந்தாலும், சந்தேகத்தோடுதான் வாங்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்பது இரண்டாவது. கலைக்கும் நாள் குறிக்கப்படாத வேடம் ஆளைத் தின்றுவிடும். ‘நான் இந்த வகை, அப்படித்தான் நடப்பேன்’ என்று சொல்பவர் தன்னை அறிந்தவரல்லர், அறிவதை நிறுத்திக்கொண்டவர். எதிர்க்கேள்விக்கு இடமுண்டா என்பது மூன்றாவது. மன்மதனுக்கு ரதி இருக்கிறாள், ரதிக்குக் கோமாளி இருக்கிறான், மூவருக்கும் எதிரே லயமே உட்கார்ந்திருக்கிறது. தனியே திரையைப் பார்த்துப் பெறும் பட்டத்துக்கு இப்படி யாருமில்லை. தனக்கு உண்மையாக இருப்பது என்றால் உள்ளே எங்கோ மாறாத ஓர் உருவத்தைக் கண்டுபிடித்து அதைக் காப்பது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். தோட்டத்து ஆட்களுக்கு அப்படி ஒரு வசதி கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி மாறாமல் இருந்தவையெல்லாம் பிறர் எழுதிவைத்தவை. எனவே அவர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். அறிந்தவர் முன்னால் ஒரு பெரிய உருவத்துக்குள் புகுந்து, அதில் தனக்குப் பொருந்துவது எது, பொருந்தாதது எது என்று பார்த்துவிட்டு, வேடத்தைக் கலைத்து, பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வேலைக்கேற்ப ஆட்களை வகைபிரிக்கும் ஏடுகள் இன்று காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியிருக்கின்றன, ஒழிந்துவிடவில்லை. அவை இருக்கும்வரை இந்தப் பழைய முறைக்கும் வேலை இருக்கிறது.